பாதிரியும் சர்க்காரும் எழுதிவைத்த இலக்கிய வரலாறு

1

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போயிருந்தேன். ஊர், பேர் வேண்டாம். வராந்தாவில் சணல் கயிறு போட்டுக் கட்டிய புத்தகக் கட்டுகள் சுவரோரமாக இடுப்பளவு உயரத்துக்குக் கிடந்தன. ‘கழித்தவை’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. பழைய பேப்பர்காரர் வருகிறவரை அவை அங்கே கிடக்கும். ஒரு கட்டின் நடுவில் ‘தமிழ் நூல் விவர அட்டவணை’யின் இரண்டு பகுதிகள் தெரிந்தன. 1867 முதல் பதிவான தமிழ்ப் புத்தகங்களைத் திரட்டித் தமிழ் வளர்ச்சி ஆராய்ச்சி மன்றம் 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட அட்டவணை அது. “இதைப் போயா கழிக்கிறீங்க?” என்று கேட்டேன். நூலகப் பணியாளர் பொறுமையாகவே பதில் சொன்னார்: “ரொம்ப வருஷமா யாருமே எடுக்கலைங்க சார். எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்லயே இருக்குல்ல?”

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் நானும் அந்த அலமாரிப் பக்கம் போனதில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது இலக்கிய வரலாறு. சங்கம், நீதி, பக்தி, காப்பியம், சிற்றிலக்கியம், அப்புறம் ஒரே தாவலில் ஐரோப்பியர் காலம், அங்கிருந்து இன்னொரு தாவலில் பாரதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றால் ஏட்டிலிருந்து பழந்தமிழை அச்சுக்குக் கொண்டுவந்த நாவலர், தாமோதரம் பிள்ளை, உ.வே.சா. மூவரின் கதை. அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் அந்த மூவர் அச்சடித்துக்கொண்டிருந்த காலத்தில் மற்றவர்கள் என்ன அச்சடித்தார்கள், யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்ற கேள்விக்கு நம் இலக்கிய வரலாறுகளில் பதில் கிடையாது. பதில் வராந்தாவில் சணல் கயிற்றுக்குள் கிடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். தமிழில் அச்சான எல்லாவற்றையும் ஒரு காலத்தில் கணக்கில் எடுத்தவர்கள் நம் புலவர்களோ விமர்சகர்களோ அல்ல. மிஷனரிகளும் காலனிய அரசும்தான் எடுத்தார்கள். அவர்களுக்குத் தமிழ் ரசனை கிடையாது. அதனாலேயே, நம் ரசனை தள்ளிவிட்டதெல்லாம் அவர்கள் பட்டியலில் தங்கிவிட்டது. அவர்களின் நோக்கத்தை எவ்வளவு சந்தேகப்பட்டாலும் தகும். ஆனால் அந்தப் பட்டியல்களைத் தூக்கிப் போட்டுவிட்டால், அடித்தள மக்களின் அச்சு வரலாற்றை எழுதுவதற்கு நம்மிடம் சாட்சி இல்லை.

2

இந்தப் பட்டியல்கள் எப்போது, ஏன் பிறந்தன என்று முதலில் பார்க்க வேண்டும். வங்காளத்திலிருந்து தொடங்கலாம். அங்கே ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் 1855இல் வங்காளி நூல்களின் விவரப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். ஏறக்குறைய 1400 நூல்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1859இல், வங்காளி வெளியீடுகள் பற்றிய அவரது அறிக்கை அச்சானது. சுதேச அச்சகம் என்ன பேசுகிறது என்பதை அரசு காது கொடுத்துக் கேட்டிருந்தால் நாட்டின் மனநிலை முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பது அவர் வாதம். அவுரி விவசாயிகள் படும் பாட்டைச் சொன்ன ‘நீல் தர்ப்பண்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக அதே லாங் 1861இல் ஒரு மாதம் சிறை போனார். பட்டியல் போட்ட கை ஒரே சமயத்தில் ஒற்றனின் கையாகவும் தோழனின் கையாகவும் இருக்க முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை.

தமிழுக்கு வந்த ஜான் மர்டாக் அவ்வளவு சிக்கலான ஆள் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர். இலங்கையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். அவர் வேலை பார்த்த கிறிஸ்தவ சுதேசமொழிக் கல்விச் சங்கம், 1857இன் அதிர்ச்சிக்குப் பிறகு 1858இல் தொடங்கப்பட்டது. அச்சிட்ட தமிழ் நூல்களின் வகைப்படுத்திய பட்டியலை அவர் 1865இல் வெளியிட்டார். இரண்டே வருஷத்தில், 1867இல், அச்சகங்களையும் புத்தகங்களையும் பதிவு செய்யும் 25ஆம் சட்டம் வந்தது. இந்தியாவில் எந்த மொழியில் எது அச்சானாலும் பிரதி அரசுக்குப் போக வேண்டும், விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வர வேண்டும்.

ஆக, நமது நூலடைவியலுக்குத் தாய் 1857இன் பயம். கறுப்பு மனிதர்கள் தங்களுக்குள் என்ன படித்துக்கொள்கிறார்கள் என்ற பயம். இதை மறைக்க வேண்டியதில்லை. கைரேகைப் பதிவும், சாதிவாரிக் கணக்கெடுப்பும், குற்றப் பரம்பரைச் சட்டமும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் இதுவும்.

3

மர்டாக் பட்டியலை எடுத்துப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது அதன் வரிசை. சமயம் முதலில். அதற்குள்ளும் புராட்டஸ்டண்ட் நூல்கள் முதலில், பிறகு கத்தோலிக்கம், பிறகுதான் மற்றவர்கள். இது மர்டாக்கின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1708இல் தன்னிடமிருந்த தமிழ்ச் சுவடிகளுக்குப் போட்ட பட்டியலிலும் இதே பிரிவினைதான். லுத்தரன், கத்தோலிக்கம், ‘அஞ்ஞானிகள்’, முகமதியர். அந்த ‘அஞ்ஞானி’ப் பகுதியில் 119 பதிவுகள். ஏட்டுக்கும் அச்சுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது, அலமாரியின் அடுக்கு மாறவில்லை.

ஃபூக்கோ ‘பொருட்களின் ஒழுங்கு’ நூலைப் போர்ஹேயின் சீனக் கலைக்களஞ்சியத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறார். விலங்குகளை அது எப்படியெல்லாம் வகைப்படுத்துகிறது பாருங்கள் என்று நம் சிறுபத்திரிகைக்காரர்கள் அதை எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருப்போம்! அதே வேலையைத் தமிழ்ப் புத்தகங்களுக்குச் செய்த ஓர் அசல் ஆவணம் இங்கேயே இருக்கிறது. தமிழ் வளர்ச்சி ஆராய்ச்சி மன்றம் 1968இல் அதை மறுபதிப்பாகவும் போட்டது. நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருப்போம்? கற்பனைக் களஞ்சியத்தை வாசித்துச் சிரிக்கிறோம், அசலைக் கழித்துவிடுகிறோம்.

வகைப்பாட்டில் அதிகாரம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபமான பாதி. அதோடு நின்றுவிட்டால் கட்டுடைப்பு ஒரு கைப்பழக்கமாகிவிடும். கஷ்டமான பாதி எதுவென்றால், அந்த அதிகாரத்துக்குத் தேவைப்பட்டதாலேயே மர்டாக் நூல்களைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் சேர்த்தார் என்பது. எதிராளிக் கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்க்கிறவன், நல்ல சரக்கை மட்டும் குறித்துக்கொண்டு போக மாட்டான். அரிச்சுவடி, பஞ்சாங்கம், சோதிடம், கும்மி, ஒப்பாரி, நாடகம், கதைப்பாட்டு என்று எல்லாம் குறிப்பான். ஆபாசம், மூடத்தனம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குறிப்பான். முகச்சுளிப்பு மர்டாக்கோடு போய்விட்டது, குறிப்பு நமக்கு மிஞ்சியிருக்கிறது.

4

1867 சட்டம் மர்டாக்கைவிடப் பெரிய சுரங்கம். ஒரு புத்தகத்தைப் பற்றி என்னென்ன பதிய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட ஊர், வெளியிட்ட ஊர், அச்சிட்டவர், வெளியிட்டவர், வெளியான தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, ஈய எழுத்தா கல்லச்சா, விலை, உரிமை யாருடையது, அவர் இருப்பிடம். காலாண்டுப் பட்டியல்களில் இவை தவிர ‘குறிப்பு’ என்று ஒரு பத்தியும் உண்டு. அதில் அதிகாரி தன் அபிப்பிராயத்தை எழுதுவார். அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்து, காலனிய அரசு இந்திய இலக்கியத்தை எப்படி வாசித்தது என்று ராபர்ட் டார்ண்டன் 2001இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய தலைமறைவுப் புத்தகங்களின் வரலாற்றைப் போலீஸ் ஆவணங்களிலிருந்து எடுத்தெழுதிய மனிதர் அவர். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தார்.

இந்தப் பத்திகளை இலக்கியவாதியின் கண்ணோடு வாசித்தால் தூக்கம் வரும். வேறு மாதிரி வாசிக்க வேண்டும்.

ஆசிரியர் பெயரை விட்டுவிட்டு அச்சகத்தின் பெயரைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரே அச்சகம் புராணமும் போடும், கொலைச் சிந்தும் போடும், பாடப்புத்தகமும் போடும். சென்னையில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்களின் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களில் பாரதக் கதையும் அல்லி அரசாணி மாலையும் விக்கிரமாதித்தன் கதையும் ஒரே தோரணையில்தான் வந்தன. உயர்ந்த இலக்கியம், மலிவு இலக்கியம் என்ற பிரிவினையை அச்சுக்கூடம் செய்யவில்லை. பிற்பாடு வந்த பண்டிதரும் பல்கலைக்கழகமும் செய்தது அது.

விலையையும் பிரதி எண்ணிக்கையையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒரு கவிதை நூலின் இடம் அதன் வரிகளில் இருக்கிறதென்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சந்தையில் அணாக் கணக்கில் விற்ற எட்டுப் பக்கச் சிந்துக்கும், ரூபாய்க் கணக்கில் கையொப்பக்காரர்களை நம்பி அச்சான உரைநூலுக்கும் நடுவே இருக்கிற தூரம் யாப்பில் தெரியாது. விலைப் பத்தியில்தான் தெரியும். யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பது அதுதானே?

சென்னையில் குஜிலிக் கடையில் விற்ற பாட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். புயல், ரயில் விபத்து, கொலை, தூக்குத் தண்டனை, தேர்தல், மதுவிலக்கு என்று அன்றாடம் நடந்ததெல்லாம் அதில் பாட்டாக வந்தது. படித்தவர் ஒருவர் உரக்கப் பாட, சுற்றி நின்று கேட்டவர்கள் வாங்கிப்போனார்கள். படித்துக் கிழித்துப் போடுகிற தாள் அது. எந்தப் புலவரும் அதைச் சேர்த்துவைக்கவில்லை. 2004இல் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ கொண்டுவந்தபோது, இப்படியும் ஓர் இலக்கியம் இருந்ததா என்று பலர் வாயைப் பிளந்தார்கள். இருந்தது. சர்க்காருக்குத் தெரியும், தமிழ்த்துறைக்குத்தான் தெரியாது.

இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. காலாண்டுப் பட்டியலைப் பார்த்து வேண்டியதை லண்டன் நூலகங்கள் கேட்டு வாங்கிக்கொண்டன. அங்கே சேர்ந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் போப்பும் தயாரித்த பிரிட்டிஷ் மியூசியப் பட்டியல் 1909இல் வந்தது. போப் அதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டார். பிற்சேர்க்கையைப் பார்னெட் 1931இல் வெளியிட்டார். சென்னைப் பட்டியலையும் லண்டன் பட்டியலையும் அருகருகே வைத்தால், எது கப்பலேறியது, எது கரையிலேயே நின்றுவிட்டது என்று தெரியும். ஒற்றைப் பட்டியல் தகவலைத்தான் தரும். இரண்டை ஒப்பிட்டால் தேர்வு செய்த கை தெரியும்.

5

புத்தகத்துக்குச் சொன்னது பத்திரிகைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசவுச் சொல்லாகப் புழங்கியதை இதழின் பெயராக முகப்பில் அச்சடித்த அந்தத் துணிச்சல் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றில் எவ்வளவு பெரிய சம்பவம்! அந்த இதழ் முழுத் தொகுதியாக இன்று நம் கையில் இல்லை. எந்த ஆதீனமும் சங்கமும் அதைப் பாதுகாத்து வைக்கவில்லை. அவர்கள் ஏன் வைக்கப்போகிறார்கள்?

வைத்திருந்தது அரசு. ‘சுதேசப் பத்திரிகை அறிக்கை’ என்று ஒன்று தயாரித்தார்கள். பத்திரிகைகளை வாசித்து, ஆட்சிக்கு முக்கியமென்று பட்டதை ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பும் ரகசிய அறிக்கை. ஜெ. பாலசுப்பிரமணியம் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூலில் (2017) 1869 முதல் 1943 வரையான தலித் இதழ்களின் வரலாற்றை எழுதியிருக்கிறார். இதழ்கள் அழிந்த இடத்தில் இந்த மாதிரி அரசு ஆவணங்கள்தான் கைகொடுத்தன. தலித் இதழியல் 1990களில் தொடங்கியது என்று நாமே பேசியும் எழுதியும் வந்த காலம் ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட மறதி அது. அந்த மறதிக்கு அச்சுத் தட்டுப்பாடு காரணமில்லை. அச்சாகியிருந்தது, ஒற்றனுக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை.

வேவுபார்க்கத் தயாரித்த தாள் வேவுபார்க்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு உயிலாக வந்து சேர்ந்திருக்கிறது. இதில் அரசுக்கு நன்றி சொல்ல எதுவும் இல்லை. கைப்பற்றிக்கொள்ள நிறைய இருக்கிறது.

6

பட்டியலை அப்படியே நம்பிவிடலாமா என்றால், கூடாது. பிரதி எண்ணிக்கை என்பது அச்சகக்காரர் சொன்ன எண்ணிக்கை. அவர் கூட்டியும் சொல்லியிருப்பார், குறைத்தும் சொல்லியிருப்பார். ‘இரண்டாம் பதிப்பு’ என்பது பல நேரம் முகப்பு மட்டும் மாறிய பழைய பிரதி. பதிவுக்கே வராமல் சந்தைக்குப் போன தாள் எத்தனையோ. ஆகவே பட்டியலில் இல்லை என்பதால் அச்சாகவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ரோமன் எழுத்தில் பெயர்களைப் பெயர்த்தெழுதியதில் ஒருவர் இருவராகியிருப்பார், இருவர் ஒருவராகியிருப்பார். பொருள் வகை போட்ட அதிகாரி புத்தகத்தைத் திறக்காமலேயே தலைப்பைப் பார்த்துப் போட்டிருக்கலாம்.

ஆனால் இந்தப் பிழைகளுக்காகப் பழைய பட்டியலைத் தள்ளுகிறவர்கள், புதிய தகவல் தொகுப்புகளில் இருக்கிற பிழைகள் பெரும்பாலும் இங்கிருந்து போனவைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். புதியதில் பிழையின் தடயம் அழிந்துவிடுகிறது. பழையதில் யார், எப்போது, எந்த நோக்கத்தோடு எழுதினார் என்பது முகப்பிலேயே இருக்கிறது. கெட்ட சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணை செய்யக்கூடிய சாட்சி.

“எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு” என்ற வாதத்துக்கு வருகிறேன். மின்னூலகங்களின் அருமை தெரியாமல் பேசவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் இறந்த பிறகு அவர் சேகரிப்பு சிதறாமல் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக ஆனதும், தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்வடிவில் தருவதும் பெரிய காரியங்கள். நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் தேடுபெட்டியில் எதையாவது தட்டினால்தான் ஏதாவது வரும். தட்டுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நமக்குப் பெயரே தெரியாமல் அழிந்துபோனவர்களை எப்படித் தட்டுவது? அட்டவணையில் ஒரு பெயரைத் தேடிப் போகிறவன் மேலும் கீழும் இருக்கிற பத்துப் பெயர்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. எனக்குத் தெரிந்து நல்ல ஆய்வுக் கேள்விகளில் பாதி அப்படிப் பக்கத்து வரியில் கிடைத்தவைதான்.

புத்தகமே போய்விட்ட இடத்தில் பட்டியலின் மதிப்பு எப்படிப்பட்டது என்பதை ஈழத்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1981 மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் என்கிறார்கள். அந்தச் சாம்பலுக்குப் பிறகு, புலம்பெயர்ந்த மண்ணில் உட்கார்ந்து என். செல்வராஜா என்ற நூலகர் 2002 முதல் ‘நூல்தேட்டம்’ தொகுதிகளை வெளியிட்டுவருகிறார். தொகுதிக்கு ஆயிரம் நூல்களின் விவரம். எரித்தவர்களுக்கு என்ன இருந்தது என்று தெரியும். எரிந்ததைச் சொல்ல ஒரு பட்டியல் வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறதா?

7

கடைசியாக நம் கதை. 1867 சட்டத்தை எடுத்துவிட்டு 2023இல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. பருவ இதழ்களுக்குத்தான் அதில் பதிவு. புத்தகங்கள் அதன் எல்லையிலேயே இல்லை. அரசின் கண்ணிலிருந்து புத்தகம் தப்பியது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கண்காணிப்புக்கு இன்று வேறு ஆயிரம் வழி இருக்கிறது, பதிவேடு மட்டும்தான் போயிருக்கிறது. வெளியீட்டாளர்கள் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்கிற 1954ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. அதில் கன்னிமாராவும் ஒன்று. நம் வட்டத்தில் கவிதைத் தொகுப்பு போட்டவர்கள், கட்சியிலிருந்து பிரிந்து வந்து வெளியீடு போட்டவர்கள், கருத்தரங்கு வாசலில் விரிப்புப் போட்டு விற்றவர்கள், எத்தனை பேர் அனுப்பினோம்? பழைய சட்டம் உயிரோடிருந்த காலத்திலும் எத்தனை பேர் பதிந்தோம்? எத்தனை பிரதி அடித்தோம் என்று புத்தகத்தில் உண்மையைப் போட்டவர் யார்?

விளைவைப் பாருங்கள். 1880இல் சென்னையில் பதிவான ஒரு சிந்துப் புத்தகத்தின் விலை, பக்கம், பிரதி எண்ணிக்கை, அச்சகக்காரர் பெயர் எல்லாம் நமக்குத் தெரியும். 1990களில் நாமே கொண்டுவந்த துண்டுப் பிரசுரத்தைப் பற்றி இதில் ஒன்றுகூடத் தெரியாது. விளிம்பைப் பற்றி அவ்வளவு பேசிய தலைமுறை தன் விளிம்பைக் குறித்துவைக்கவில்லை. எல்லோரும் விமர்சனம் எழுதினோம், பட்டியல் எழுதுவது குமாஸ்தா வேலை என்று விட்டுவிட்டோம். மயிலை சீனி. வேங்கடசாமி ஒரு பள்ளி ஆசிரியர். எந்தப் பல்கலைக்கழகமும் பின்னால் இல்லாமல் 1962இல் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்’ எழுதினார். அந்த நூலில் இன்றைக்கும் ஆய்வாளர்கள் தேடிப்போவது அவர் பொறுமையாகச் சேர்த்துக் கொடுத்த நூல் விவரங்களைத்தான். குமாஸ்தா வேலைதான் நிற்கிறது.

சிறுபத்திரிகை நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். வருஷக் கடைசி இதழில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். அந்த வருஷம் உங்கள் கைக்கு வந்த புத்தகம், இதழ், பிரசுரம், சுவரொட்டி எல்லாவற்றையும் போடுங்கள். பிடித்தது, பிடிக்காதது என்று பார்க்க வேண்டாம். எதிர்க்கோஷ்டி போட்டதையும் போடுங்கள், அதை முக்கியமாகப் போடுங்கள். யார் அச்சடித்தது, என்ன விலை, எத்தனை பிரதி என்று கேட்டு எழுதுங்கள். 1867இல் ஒரு பயந்த அரசாங்கம் கேட்ட கேள்விகள்தான் அவை. இப்போது நாம் நமக்காகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வராந்தாவிலிருந்து அந்த இரண்டு பகுதிகளையும் எடைக்கு வாங்கி வந்துவிட்டேன். ஒன்றில் முன்னட்டை இல்லை. மற்றப் பகுதிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் நூலகத்தில் ‘கழித்தவை’ என்று எழுதி ஏதாவது கட்டு கிடந்தால், கயிற்றை அவிழ்த்து ஒரு தடவை பாருங்கள்.